சுண்ணாம்பைத் தின்னும் காடி: ஆப்பிள் சிடர் வினிகரால் வீட்டைச் சுத்தம் செய்ய முழு வழிகாட்டி

வள்ளியூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். எவர்சில்வர் குடத்தில் இரண்டு நாள் வைத்தால் உள்கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழும். வெந்நீர் கெட்டிலின் அடியில் மூன்று மாதத்துக்குள் சிப்பி ஓடு மாதிரி ஒரு தகடு படிந்துவிடும். ஷவரின் பாதிக் கண்கள் அடைத்து, மீதிக் கண்களிலிருந்து தண்ணீர் கோணல்மாணலாகப் பீறிடும். பாத்திரப் பவுடரும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் கை வலிக்கும், எவர்சில்வரில் கீறல் விழும், கறை மட்டும் அப்படியே இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு பக்கம், உடம்பு இளைக்கும் என்று யாரோ சொல்லி வாங்கி, நாலு நாள் குடித்துவிட்டு மூடி வைத்த ஆப்பிள் சிடர் வினிகர் பாட்டில் இப்போது பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைக் குடிக்கலாமா என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. அதை வைத்து வீட்டில் எதைத் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். துடைக்கிற முறையை விட, தொடக் கூடாதது எது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

காடி என்ன செய்கிறது

வினிகருக்கு நம்மிடம் காடி என்று பழைய பெயரே உண்டு. பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது உருவாகிற விதமும் தெரிந்ததுதான். பனையேறுகிறவர்கள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருக்கிறவரை பாளையிலிருந்து சொட்டுவது புளிக்காமல் இனிப்பான பதநீராகவே இறங்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதிலுள்ள சர்க்கரை நொதித்துக் கள்ளாகிவிடும். கள்ளையும் காற்றுப்பட நாள்கணக்கில் விட்டால் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதிலுள்ள சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதுதான் காடி. பதநீருக்குப் பதிலாக ஆப்பிள் சாற்றை வைத்து இதையே செய்தால் ஆப்பிள் சிடர் வினிகர்.

கலயத்தில் புளிப்பைச் சுண்ணாம்பு தடுக்கிறது. நம் கெட்டிலில் அதே புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கிறது. உப்புக் கறை என்று நாம் சொல்லும் வெள்ளைப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். காடி பட்டதும் நுரைக்கும். நுரையில் வெளியேறுவது கரியமில வாயு, மிச்சம் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும்.

கடையில் கிடைக்கும் காடியில் அமிலம் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். 5 சதவீதக் காடி 100 மில்லி இருந்தால் ஏறத்தாழ 4 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும், அதற்கு மேல் கரைக்காது. தடித்த படிவு ஒரே முறையில் போகாததற்கும், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றித் துடைத்தால் ஒரு கறையும் அசையாததற்கும் இதுதான் காரணம்.

எந்தப் பாட்டில்

சுத்தம் செய்வதற்கென்றே புதிதாக ஆப்பிள் சிடர் வினிகர் வாங்காதீர்கள். வெள்ளை வினிகர் அதைவிட மிகவும் மலிவு, உப்புக் கறையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆப்பிள் காடியின் பழுப்பு நிறம் வெள்ளை வேட்டியிலும் டைல் இடுக்கிலும் லேசாகச் சாயம் பிடிக்கும். அடியில் கசடு மிதக்கிற, வடிகட்டாத வகை என்றால் துடைத்த இடத்தில் பிசுபிசுப்பும் தங்கும். ஏற்கெனவே வீட்டில் இருப்பது அந்த வகைதான் என்றால், மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். தேன் கலந்தது, இஞ்சி பூண்டு கலந்தது எல்லாம் இந்த வேலைக்கு உதவாது.

கெமிக்கல் கடையில் விற்கும் அடர் அசிட்டிக் ஆசிடை வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

தொடக் கூடாத இடங்கள்

சமையலறை மேடையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேடை கறுப்புக் கடப்பா கல். எலுமிச்சை ஊறுகாய் போட்ட அன்று மேடையெல்லாம் பிசுக்கு. காடி ஊற்றித் துடைத்தால் பளபளக்கும் என்று நினைத்து ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டேன். துடைத்துப் பார்த்தால் ஊற்றிய இடம் மட்டும் சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். அழுக்கு இல்லை, கல்லே அரித்துப் போயிருந்தது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அந்த மங்கல் துடைத்தால் போகாது, பாலிஷ் போடுகிறவர் வந்தால்தான் உண்டு.

மார்பிளும் அப்படித்தான். மொசைக் தரையில் பதிந்திருப்பவை மார்பிள் சில்லுகள், அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சிமெண்ட், இரண்டையும் காடி அரிக்கும். பழைய வீடுகளின் பட்டாசலிலும் தார்சாவிலும் இருக்கும் சிவப்புக் காவித் தரை, ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் எல்லாவற்றிலும் சுண்ணாம்போ சிமெண்டோதான் உடம்பு. இவற்றில் ஒரு சொட்டுகூட வேண்டாம். கிரானைட் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மேலே பூசிய பாதுகாப்புப் பூச்சு போய்விடும், அதனால் அதுவும் வேண்டாம்.

உங்கள் தரை எது என்று தெரியவில்லையா? கண்ணில் படாத மூலையில், பீரோவுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ, ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சொட்டு விழுந்த வட்டம் தெரிந்தால் அந்த வீட்டுத் தரைக்குக் காடி ஆகாது.

இரும்புத் தோசைக்கல்லில் ஊற்றினால் வருடக்கணக்காக எண்ணெய் ஏறிய பதம் போய்விடும், அடுத்த தோசை ஒட்டும். டிவி, செல்போன் திரைகளிலும், தங்க முலாம் பூசிய குழாய்களிலும் வைக்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ காடியோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். காலையில் பிளீச்சிங் போட்டுவிட்டுச் சரியாகக் கழுவாமல் மத்தியானம் காடி ஊற்றினாலும் இதே ஆபத்துதான். தப்பித் தவறிக் கலந்துவிட்டால், நின்று கழுவிக்கொண்டிருக்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிடும் பிளீச்சும் கலந்தாலும் இதேதான் நடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடோடும் காடியைக் கலக்காதீர்கள்.

கெட்டில்

ஆரம்பிக்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள். பலன் கண்ணுக்கு நேரே தெரியும்.

முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சூடான காடியின் ஆவி மூக்கில் ஏறும். கெட்டிலில் படிவு மூழ்கும் அளவுக்குக் காடியும் தண்ணீரும் சம பங்கு ஊற்றுங்கள். நன்றாகச் சூடேற விடுங்கள், ஆனால் தளதளவென்று கொதிக்கும் முன் அணைத்துவிடுங்கள். சூட்டில்தான் காடி வேகமாக வேலை செய்யும். அணைத்ததும் அடியில் குமிழ் குமிழாக ஏறுவதைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் கீழே ஊற்றிவிட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். தகடு பொருக்குப் பொருக்காக உரிந்து வரும். மிச்சம் இருந்தால் புதுக் காடி ஊற்றி இன்னொரு முறை செய்யுங்கள். பழைய காடியில் அமிலம் தீர்ந்திருக்கும், அதையே திரும்பச் சூடாக்கிப் பயனில்லை. கடைசியாக நல்ல தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள், வாடை போய்விடும். எங்கள் தண்ணீருக்கு மாதம் ஒரு முறை போதும். கீசருக்குள் நீங்களாகக் காடி ஊற்றப் போகாதீர்கள், அது மெக்கானிக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை.

குழாயும் ஷவரும் குளியலறைச் சுவரும்

குழாய் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையைத் திருகினால் கழன்று வரும். அதை ஒரு டம்ளர் காடியில் அரை மணி நேரம் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் புதிது போல் ஆகிவிடும். குழாய் உடம்பில் உள்ள கறைக்குக் காடியில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். ராத்திரி சுற்றிவிட்டுக் காலையில் எடுக்கலாம் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் முலாம் மங்கும், செய்யாதீர்கள்.

ஷவரைக் கழற்ற முடிந்தால் வாளியில் ஊறப் போடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் காடி ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். நேரம் அதே கணக்கு. எடுத்ததும் கண்களை ஊசியால் குத்தாமல் விரலால் தடவி, வெந்நீரை வேகமாகத் திறந்து விடுங்கள்.

டைல் சுவரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டைல் பீங்கானுக்குக் காடியால் ஒன்றும் ஆகாது, ஆனால் இடுக்கில் அடைத்திருப்பது சிமெண்ட். அதனால் முதலில் சுவர் முழுவதும் பச்சைத் தண்ணீர் அடித்து இடுக்குகளை நனைத்துவிடுங்கள். தண்ணீர் குடித்த இடுக்கு காடியை அவ்வளவாகக் குடிக்காது. அப்புறம் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து, பத்து நிமிடத்தில் ஸ்கிரப்பரால் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். வண்டியில் கொண்டுவந்து விற்கும் ஆசிடை ஊற்றி ஊற்றி இடுக்கெல்லாம் பள்ளமாகி, டைலுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிய குளியலறைகளை நான் பார்த்திருக்கிறேன். காடி மெதுவாக வேலை செய்வது அங்கே நல்லதுதான்.

வாஷிங் மெஷினில் அடிக்கடி காடி ஊற்றினால் ரப்பர் வளையம் கெட்டிப்படலாம். கூட வந்த கையேட்டில் சொன்னபடி செய்வதே நல்லது.

குக்கரும் இட்லிக் கொப்பரையும்

குக்கர் தண்ணீரில் ஒரு துண்டுப் புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவது நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கிற வழக்கம். காரணம் கேட்டால் உள்ளே கறுக்காது என்பார்கள். கெட்டிலில் பார்த்த அதே வேலைதான் இது. புளிப்பு இருக்கிற தண்ணீரில் சுண்ணாம்பு படியாது, அலுமினியமும் கறுக்காது. புளியங்குடி எலுமிச்சை கூடை கூடையாக வருகிற ஊரில் தோலைக் குப்பையில் போடுவானேன்?

ஏற்கெனவே கறுத்துப்போன அலுமினியக் குக்கருக்கு, கறை மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு லிட்டருக்கு நாலைந்து மேசைக்கரண்டி காடி சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடியும் வெயிட்டும் போட வேண்டாம். ஆறியதும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரவு முழுக்க ஊற வைக்காதீர்கள், அலுமினியத்தை அமிலம் அரிக்கும்.

மீன் வாடை

உவரி, கூட்டப்புளிப் பக்கமிருந்து சாளையும் நெத்திலியும் வருகிற அன்று காடிக்கு உண்மையான வேலை இருக்கிறது. மீன் கவிச்சிக்குக் காரணமான அமின்கள் காரத் தன்மை உள்ளவை. புளிப்புப் பட்டதும் அவை உப்பாக மாறிவிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. மீனில் புளியும் எலுமிச்சையும் தடவிக் கழுவுகிற ஆச்சிமார் கைப்பக்குவத்தில் இருந்தது இதுதான்.

மீன் நறுக்கிய பலகை, சிங்க், அங்கணக்குழி எல்லாவற்றையும் முதலில் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் ரத்தமும் சவ்வும் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காடியும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். கையிலும் இதே கலவையைத் தடவிக் கழுவலாம், புண்ணோ கீறலோ இருந்தால் எரியும். அரிவாள்மனையில் மட்டும் காடியைத் தங்கவிடாதீர்கள். சட்டென்று துடைத்து, காயவைத்து, அலகில் துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், துரு ஏறாது. கருவாடு வைத்த டப்பாவுக்கும் ஃப்ரிட்ஜ் தட்டுக்கும் இதே கலவைதான்.

கண்ணாடிக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர், பழைய செய்தித்தாள். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பாய்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுருட்டி வைத்த கோரைப்பாயில் பூசணம் பூக்கும். முதலில் வெளியே கொண்டுபோய் உதறி, காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, கோரை போகிற வாக்கில் துடையுங்கள். உடனே காற்றோட்டமான நிழலில் விரித்துக் காயவிடுங்கள். சாயம் உள்ள கரையில் முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பழைய முறையில் சப்பாங்கட்டையில் ஏற்றிய சிவப்பு, புளிப்புப் பட்டால் மஞ்சளடிக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பட்டுப்பாய் என்றால் காடியை நினைக்கவே வேண்டாம். அந்த நெசவுக்கு எத்தனை நாள் உழைப்பு போயிருக்கிறது!

பித்தளைக்குப் புளியே போதும்

வாகைகுளத்துக் குத்துவிளக்கைக் காடியும் உப்பும் மாவும் குழைத்துத் தேய்க்கலாம். பளிச்சென்று வரவும் செய்யும். நான் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆச்சி பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏட்டி, வீட்ல பழம்புளி கெடக்கும்போது எதுக்குட்டி காசக் குடுத்து அத வாங்குத?"

ஆச்சி சொன்னதுதான் சரி. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளைக் களிம்பை நன்றாகவே எடுக்கிறது, கெட்டியாக இருப்பதால் விளக்கின் வளைவுகளில் வழியாமல் ஒட்டியும் நிற்கிறது. எதை வைத்துத் தேய்த்தாலும், பத்து நிமிடத்துக்குள் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். புளிப்பு தங்கினால் மறுநாளே பச்சை பிடிக்கும்.

ஆப்பிள் காடியே வேண்டிய ஓரிடம்

வெள்ளை வினிகரை விட ஆப்பிள் சிடர் வினிகர் மேல் என்று நான் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான், பழ ஈக்கள். வாழைத்தார் பழுக்கும்போதும் மாம்பழக் காலத்திலும் மொய்க்கும் அந்தச் சிறு ஈக்கள் புளித்த பழ வாடையைத் தேடித்தான் வருகின்றன. அந்த வாடை ஆப்பிள் காடியில் இருக்கிறது. ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குக் காடி ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு விடாவிட்டால் ஈக்கள் மேற்பரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும், விட்டால் மூழ்கிவிடும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அழுகிய பழத்தையும் எடுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் டம்ளர் வைத்துப் பலனில்லை.

கருப்பட்டி டப்பாவைத் தேடி வரும் எறும்புக்கும் காடி உதவும். வரிசை போகிற தடத்தைத் துடைத்தால் வாடை அழிந்து வழி தவறிவிடும். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான், மறுபடி வழி கண்டுபிடித்துவிடும்.

காடியால் ஆகாதவை

நெய், எண்ணெய்ப் பிசுக்குக்குக் காடி பிரயோசனமில்லை. அல்வாப் பொட்டலத்தைப் பிரித்த இடத்தைக் காடியால் துடைத்தால் நெய்யை இன்னும் பரப்பிவிடுவீர்கள், அதற்குச் சோப்புதான். கிருமி கொல்லும் என்பதையும் நம்பாதீர்கள். சில கிருமிகளைக் குறைக்கும், நோய் தரும் எல்லாவற்றையும் அழிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு முறைப்படி கரைத்த பிளீச். அன்று காடிப் பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்தது ஆப்பசோடா. காடியில் ஆப்பசோடா போட்டால் பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்கள். முதலில் சோடா போட்டுத் தேய்த்து அலசிவிட்டு, அப்புறம் காடி தெளியுங்கள். அங்கணம் அடைத்துக்கொண்டால் உள்ளே சிக்கிய முடியைக் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும், நுரை எடுக்காது.

கலந்ததை எப்படி வைப்பது

தெளிக்கிற பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் ஊற்றி வைக்காதீர்கள். பாட்டிலில் "காடி, பிளீச்சோடு சேர்க்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் கலந்த ஆப்பிள் காடியின் நிறம் பானக்கம் போலவே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுத் தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளை எடுத்து மடக்கென்று குடித்துவிடும்.